மருந்து நாள் தள்ளிப்போகாது

அருள்,

நேற்று நீ பாக்கியத்திடம் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. "மருந்த ஒரே ஒரு வாரம் தள்ளி வச்சுக்கச் சொல்லுங்கத்தே. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாயாம். என் முடி கொட்டுவதைப் பற்றியும் கவலைப்பட்டாயாம். நல்லதாக ஒரு டோப்பா வாங்கித் தருகிறாயாம், அதன் மேல் நாலு முழம் மல்லிகை சுற்றிவிட்டால் பெண் வீட்டாருக்கு ஒன்றும் தெரியாதாம். பாக்கியம் இதையெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். பள்ளிக்கூட விடுதி அடுப்படியில் முப்பது வருடம் என்னோடு நின்றவள், என் கோபம் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். "நான் தபால்காரி மட்டுந்தான்க்கா, எம்மேல பாயாத" என்றாள். அவள் மேல் நான் பாயவில்லை. உன் மேல் பாயலாம் என்றால், நான் பேச ஆரம்பித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு செல்லூரில் இருக்கிற நண்பன் அறைக்குப் போய்விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். தாளிடமிருந்து நீ எழுந்து போக முடியாது. போனாலும் அது அங்கேயே கிடக்கும்.

ஊருக்கு நீ சொல்லி வைத்திருப்பது கல்லடைப்பு. எழுமலையில் உன் மாமாவிடம் கல்லடைப்பு, ஆனையூரில் அடுத்த வீட்டில் கல்லடைப்பு, உனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்களிடமும் கல்லடைப்பு. நான் இங்கே பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். எனக்கு வந்திருப்பது மூத்திரப்பையில் புற்றுநோய். அதிலும் பலருக்கும் வருகிற வகை இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே தன் அனுபவத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் பார்த்திருக்கிறாராம். சிறுநீர்ப்பை என்று எழுதினால் மரியாதையாக இருக்கும் என்று நீ நினைப்பாய். மரியாதை பார்த்துப் பார்த்துத்தான் இந்த நிலைக்கு வந்தேன், இனி எனக்கு அது வேண்டாம். இந்தக் கடிதத்தை உறையில் ஒட்டப் போவதும் இல்லை. பாக்கியம் திறந்தபடியே கொண்டுவருவாள். விடுதியில் வேலை பார்க்கிற பெண்கள் எல்லோரும் படித்துவிட்டு உன்னிடம் வரட்டும். அவர்களும் படிக்க வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன், பிறகு உன்னுடையதற்கு வருகிறேன். போன வருடம் மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் மூத்திரம் சிவப்பாகப் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. அன்றைக்குப் புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை விடுதியில் பீட்ரூட் பொரியல். நூற்றைம்பது பிள்ளைகளுக்குப் பீட்ரூட் சீவினால் நகக்கண் மூன்று நாளைக்குச் சிவப்பாக இருக்கும், மிச்சத்தை நாங்களும் சாப்பிடுவோம். மறுநாள் மூத்திரம் சிவப்பதை அடுப்படியில் நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறோம். புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி ஒருமுறை பயந்து அழுதபோது, "அழுவாதடி, ஒனக்குள்ள பீட்ரூட்டுதான் ஓடுது" என்று அவளைத் தேற்றியவளே நான்தான். அப்படிப்பட்டவள் என்ன நினைப்பேன்? பீட்ரூட் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் சிவப்பாக வந்தது. வெள்ளிக்கிழமை விடுதியில் முருங்கைக்கீரை. அப்போதே தெரிந்தது அருள், அது பீட்ரூட் இல்லை என்று. தெரிந்த பிறகும் ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா நோயாளி என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும் என்று பயந்தேன். பார்லி குடித்தேன், இளநீர் குடித்தேன், சிவப்புப் புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன்.

யாருக்கும் தெரியாமல் டாக்டரிடமும் போனேன், அதையும் நீ தெரிந்துகொள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற டாக்டரிடம் மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவர் தலை நிமிரவில்லை. "நீர்க்கடுப்பும்மா, சூடு. பொம்பளைங்களுக்கு வர்றதுதான்" என்று ஐந்து நாள் மாத்திரை எழுதினார். எரிச்சலே இல்லையே ஐயா என்றேன். "வரும்" என்றார். மாத்திரை தின்றதும் ரத்தம் நின்றது, நானும் குணமாகிவிட்டதாக நம்பினேன். அது தானாக நிற்கும், தானாக வரும், மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. ஐம்பது வயது தாண்டிய ஒருத்திக்கு வலி இல்லாமல் மூத்திரத்தில் ரத்தம் வந்தால், அது ஒரே ஒருமுறை வந்தாலும், ஸ்கேன் எடுக்கச் சொல்ல வேண்டும். இதை எனக்குச் சொன்னது ஒரு சின்னப் பெண். நான்காவது முறை போனபோது அந்த டாக்டர் ஊரில் இல்லை, அவர் இடத்தில் உன்னைவிட இளையவளாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நான் "அங்க ரத்தம் படுது" என்று இழுத்ததும், "எங்கம்மா? மூத்திரத்துல வருதா, கர்ப்பப்பை வழியா வருதா? எனக்குச் சரியாத் தெரியணும்" என்று கேட்டாள். ஏழு மாதத்தில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்திதான். அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வைத்தாள். மூத்திரப்பைக்குள் கட்டி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். பெரிய ஆஸ்பத்திரியில் மூத்திரத் துவாரம் வழியாகக் குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள், எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சந்தேகமாக இருக்கிறது, இன்னொரு லேபிலும் பார்க்க வேண்டும் என்று மேலும் பத்து நாள் ஆக்கினார்கள். முடிவு வந்த வெள்ளிக்கிழமை நாம் இருவரும் போனோம். கதவருகே நின்ற ஆள், "அம்மா வெளிய ஒக்காரட்டும், சார் மட்டும் வாங்க" என்றான். நீ ஒரு பேச்சும் பேசாமல் உள்ளே போனாய். மூத்திரப்பை என்னுடையது, ரத்தம் என்னுடையது, நான் வெளியே இரும்பு நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து என்ன சொன்னாய்? "ஒண்ணுமில்லம்மா. உள்ள ஒரு புண்ணு. அம்புட்டையும் சொரண்டி எடுத்தாச்சு" என்றாய். உன் கண் சிவந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் உனக்கு முதல் கல்யாண ஓலை, மூன்றில் ஒன்று. கோயிலில் சாமியார் உன் பெயரையும் ஸ்டெல்லாவின் பெயரையும் படித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டபோது, நான் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

இரண்டாம் ஓலை முடிந்த செவ்வாய்க்கிழமை. உன் மாமாவுக்குப் பத்திரிகை வைக்க நான் எழுமலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். செக்கானூரணி தாண்டியதும் போன் வந்தது. ஒரு நர்ஸ் பேசினாள். "அம்மா, நீங்க ஏன் இன்னும் வரல? ஸ்கேன் எடுத்து கீமோ ஆரம்பிக்கணும்னு டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒங்க மகனுக்கு நாலு தடவ போட்டுட்டேன், வாரோம் வாரோம்ங்கறாரு. பழைய சீட்டப் பாத்து ஒங்க நம்பர எடுத்தேன்" என்றாள். கீமோ என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விடுதியில் ஒரு டீச்சருக்கு நடந்ததைப் பார்த்தவள் நான். "எனக்கா தாயி? பேரச் சரியாப் பாரு" என்றேன். அந்தப் பிள்ளை என் பேரையும் வயதையும் படித்துக் காட்டினாள். பிறகு, "ஒங்ககிட்ட அவர் சொல்லலையாம்மா?" என்று கேட்டாள். மஞ்சள் பையில் முப்பது கல்யாணப் பத்திரிகை என் மடியில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னத்தா, ஊர்ல எதுவும் கெட்ட சேதியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யாருக்கு என்றாள். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு உசிலம்பட்டியில் இறங்கி, எதிர்ப் பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறினேன்.

உனக்குப் போன் பண்ணாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கினேன். நான் ஐந்தாம் வகுப்போடு களையெடுக்கப் போனவள், ஆனால் விடுதிப் பிள்ளைகள் எறிந்துவிட்டுப் போன பழைய பாடப் புத்தகங்களையும் அட்டை கிழிந்த அகராதி ஒன்றையும் வைத்து இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். புரியாத சொல்லையெல்லாம் கோடு போட்டு வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "வழக்கமா மூத்திரப்பைல வர்ற புத்துநோய் வேறம்மா. அது பையோட உள்தோல்ல இருக்கும், பல பேருக்குச் சொரண்டிச் சொரண்டி எடுத்தே வருஷக்கணக்கா ஓட்டிரலாம். ஒங்களுக்கு வந்திருக்கிறது அதில்ல. நுரையீரல்ல ரொம்ப வேகமா வளர்ற ஒரு வக இருக்கு. அதே மாதிரி செல்லு இங்க வந்திருக்கு. வேகமாப் பரவும். அதனால இதுக்கு மருந்துதான் மொதல்ல, அதுக்கப்புறம்தான் கதிர் வைக்கிறதா, பையவே எடுக்கிறதான்னு முடிவு பண்ணணும்." எத்தனை நாள் வீணாகிவிட்டது என்று கேட்டேன். அவர், "இன்னைக்கு வந்துட்டீங்கல்ல" என்றார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மகன் வர வேண்டும் என்று அங்கே இருந்த ஆள் மடக்கினான். "மூத்திரப்பை எனக்கு, கையெழுத்து அவனுக்கா?" என்றேன். கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றான். பாக்கியத்தை வரவழைத்தேன். அவள் பேனாவைப் பிடுங்கி, "கையெழுத்துதான? எங்கெங்க போடணும்னு காட்டு, ஆஸ்பத்திரி செவுத்துல கூடப் போடுறேன்" என்றாள். அந்த நாளில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்தபோது ரிப்போர்ட்டை உன் டிபன் தட்டின் மேல் வைத்தேன். நீ அழுதாய். "மூணு ஓலையும் முடியட்டும்னு நெனச்சேம்மா. தெரிஞ்சா அவங்க வீட்டுல இது குடும்ப நோயிம்பாங்க. ஒனக்குத் தெரிஞ்சா நீ ஒடஞ்சு போயிருவ" என்றாய். உன் கூட வேலை பார்க்கிற யாரோ ஒருவரின் சித்தப்பாவுக்கும் இதே மூத்திரப்பையில் வந்து, சுரண்டி எடுத்துப் பதினைந்து வருடமாக நன்றாக இருக்கிறார் என்றாய். அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஆத்திரம் அடங்காமல் வந்தது. அந்தச் சித்தப்பாவுக்கு வந்தது வேறு. உன் கையில் இருந்த ரிப்போர்ட்டில் முதல் வரியிலேயே எழுதியிருந்தது. பேங்கில் அடுத்தவன் கடன் பத்திரத்தை வரிக்கு வரி படிக்கிறவன் நீ, பெற்றவளின் ரிப்போர்ட்டை முழுதாகப் படிக்கவில்லை. பயந்துபோய்ப் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நான் மன்னிக்கிறேன். ஆனால் நர்ஸ் நான்கு முறை கூப்பிட்டாளே, அந்த நான்கு முறையும் உன் வாயிலிருந்து வந்தது பயம் இல்லை. அது கணக்கு. என் உயிரை ஒரு பக்கமும் உன் கல்யாண மண்டபத்தை இன்னொரு பக்கமும் வைத்து, இது கொஞ்சம் பொறுக்கும் என்று நீயாக முடிவு கட்டினாய். யாரைக் கேட்டாய்?

நீ திருப்பிக் கேட்கலாம், இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று. கேள். கேட்டால் தலை குனிந்து பதில் சொல்வேன். செல்லூரில் நாம் ஒற்றை அறையில் குடியிருந்தபோது, தறிப் பட்டறையில் வேலை பார்த்த உன் அப்பாவுக்குக் காசநோய். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று, மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். யாராவது கேட்டால் "அப்பாவுக்கு இழுப்பு" என்று சொல்ல உன்னைப் பழக்கினேன். உனக்கு அப்போது ஏழு வயது. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்வாய். கெட்டிக்காரப் பிள்ளை என்று உன்னைக் கொஞ்சியிருக்கிறேன். ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்கினால் டப்பாவை வெளியே எடுக்க முடியாது. ஒருமுறை என் அண்ணன் குடும்பம் பத்து நாள் தங்கியது, பத்து நாளும் அவர் மாத்திரை சாப்பிடவில்லை. இன்னொரு முறை சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவர்கள் இரண்டு வாரம் இருந்தார்கள். இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டதில் மருந்து அவருக்குக் கேட்காமலே போய்விட்டது. நோயைவிட நான் மறைத்ததுதான் அவரைக் கொன்றது என்று இருபத்து நான்கு வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன், இதைப் படிக்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். உன் அப்பா செத்த மறுமாதம் அந்த வீட்டுக்காரர் நம்மைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். வாடகைக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதாம். எதற்காக மறைத்தேனோ அதுவும் மிஞ்சவில்லை.

மூன்றாம் ஓலை அன்றைக்கும் கோயிலுக்கு வந்தேன். தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்டபோது நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். நான் எழுந்துவிடுவேன் என்று பயந்தாய். எழவில்லை. என் நோய் உன் கல்யாணத்துக்குத் தடை என்று நான் நினைக்கவில்லை. நீ அப்படி நினைப்பதுதான் தடை. ஸ்டெல்லாவை நான் நான்கு முறைதான் பார்த்திருக்கிறேன். டீச்சர் வேலை பார்க்கிற பெண், விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வாள் என்றே தோன்றுகிறது. புரிந்துகொள்ளாமல் போனால் அதையும் தாலிக்கு முன்னால் தெரிந்துகொள்வது உனக்கு நல்லது. நாளைக்கு அவளுக்கு ஒரு கட்டி வந்தால் அவளையும் வெளியே நாற்காலியில் உட்கார வைப்பாயா? உனக்கு வந்தால் அவள் உனக்குக் கல்லடைப்பு என்று சொல்வாளா? கல்யாணத்துக்குப் போகிற மகனுக்கு அம்மா சொல்ல எத்தனையோ புத்திமதி இருக்கும். என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவள் உடம்பைப் பற்றி டாக்டர் பேசும்போது அவளும் அந்த அறையில் இருக்கட்டும்.

முதல் மருந்து ஏற்றிய இரண்டாம் நாள் வார்டு வாசலில் நீ இளநீரோடு வந்து நின்றதைப் பார்த்தேன். உள்ளே வரத் தைரியம் இல்லாமல் பாக்கியத்திடம் கொடுத்துவிட்டுப் போனாய். நான் குடித்தேன். பாதி வாந்தியில் போனது, பாதி தங்கியது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னவள் ஆவேன். ஸ்கேனில் நோய் பையை விட்டு வெளியே போனதாகத் தெரியவில்லை, கண்ணுக்குத் தெரியாதது இருக்கலாம், அதற்குத்தான் மருந்து என்று டாக்டரம்மா சொன்னார். நான்கு முறை ஏற்ற வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் மூன்று நாள். பிழைப்பேனா என்று கேட்டேன். "நானும் நீங்களும் நேரத்துக்கு வேலையச் செஞ்சா வாய்ப்பு இருக்கு" என்றார். நீ சொல்லி அனுப்பியதையும் அவரிடம் இன்று காலை போனில் கேட்டுவிட்டேன், கேட்காமலே மறுத்தேன் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது அல்லவா. "ரத்த அணு கொறஞ்சா நானே தள்ளி வைப்பேன். கல்யாணத்துக்காகத் தள்ள மாட்டேன்" என்றார்.

இரண்டாவது மருந்து வருகிற புதன், வியாழன், வெள்ளி. உன் கல்யாணம் வியாழன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஸ்டெல்லாவிடம் உன் வாயால் சொல். நான் சொல்லமாட்டேன், பாக்கியமும் சொல்லமாட்டாள். இந்தக் கடிதத்தை வேண்டுமானால் அவள் கையில் கொடு, ஆனால் அவள் படித்து முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திரு. பிறகு இருவரும் பேசி, மண்டபத்துத் தேதியை மாற்றுவதா, நான் இல்லாமலே கல்யாணத்தை நடத்துவதா என்று முடிவு செய்யுங்கள். மாற்றினால் வருவேன், மொட்டைத் தலையோடு முதல் பெஞ்சில் உட்காருவேன், டோப்பாவுக்குக் கொடுக்கிற காசை வீணாக்காதே. மாற்றாவிட்டால் அதற்காக உன்னைச் சபிக்க மாட்டேன். என்னை மட்டும் மாறச் சொல்லி யாரையும் தூது அனுப்பாதே. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டோ சொல்லியாகிவிட்டது. வியாழக்கிழமை எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அம்மா